பத்து மருந்து பாட்டில், ஒரே ஃப்ரிட்ஜ்

டெய்லர்: ...பாட்டில் ஸ்டிக்கர் ஈரத்துல தானா கழண்டு விழுந்துடுச்சுன்னு சொல்லிடலாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது.

மெக்கானிக்: ஈரம்தான். ஈரமேதான். ரெண்டு பேர் மருந்தும் இருந்த ஃப்ரிட்ஜ் என்னுது, பழசு, கதவு ரப்பர் போயிடுச்சு. அதை நானே சொல்லிக்கிறேன்.

டெய்லர்: நீ ஏன்யா பதறுற? ரெண்டு பேரையும்தானே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க.

மெக்கானிக்: நான் எங்க பதறுறேன்? நீங்கதான் வந்ததுலேர்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிட்டே இருக்கீங்க. கையோட வந்துடப் போகுது.

டெய்லர்: வந்தா தச்சுக்கிறேன். டெய்லருக்குப் பொத்தான் பஞ்சமா... ஸ்ஸ்... ஆ...

மெக்கானிக்: இடுப்பா?

டெய்லர்: முதுகு. இந்தச் சக்கர நாற்காலியைச் செஞ்சவன் ஒரு மணி நேரம் இதுல உட்கார்ந்து பார்த்திருக்கணும்.

மெக்கானிக்: கொஞ்சம் முன்னாடி சாயுங்க. இந்த ஸ்வெட்டரை மடிச்சு வைக்கிறேன்... இப்போ?

டெய்லர்: பரவாயில்ல. நீ எப்படி இருக்க? மூஞ்சி தெளிவா இருக்கே.

மெக்கானிக்: ஷேவ் பண்ணினேன், அதான்.

டெய்லர்: படியில ரெண்டு ரெண்டா ஏறுனியாமே நேத்து. உன் பொண்டாட்டி அவ அக்காகிட்ட சொல்லிட்டு இருந்தா.

மெக்கானிக்: அவ கிடக்கா. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சேர்ந்தா ஒண்ணை ஒம்பதாக்குவாங்க. உங்களுக்குத் தெரியாதா சகலை.

டெய்லர்: அது சரி.

மெக்கானிக்: போன வாரம் தெருமுனை லேப்ல ரத்தம் கொடுத்தோமே... உங்க கேன்சர் நம்பர் வந்துச்சா?

டெய்லர்: உஷ்! வெளியில டெஸ்ட் எடுக்கவே கூடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்க. இந்தப் புது மருந்துச் சோதனை முடியுற வரைக்கும் யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு உப்புத் தண்ணின்னு நமக்கும் தெரியக் கூடாது, டாக்டருக்கும் தெரியக் கூடாதாம்.

மெக்கானிக்: சொல்லத்தான் சொன்னாங்க. வந்துச்சா இல்லையா?

டெய்லர்: வந்துச்சு. குறைஞ்சிருக்கு.

மெக்கானிக்: நிஜமாவா?

டெய்லர்: நல்லாவே குறைஞ்சிருக்கு. ஏன், நம்ப மாட்டியா?

மெக்கானிக்: நம்பாம என்ன... அப்பாடா. இல்ல, வலி மட்டும் ஏறிக்கிட்டே போகுதேன்னு பார்த்தேன்.

டெய்லர்: நோய் போறப்போ உதைச்சிட்டுத்தான் போகும். உனக்கு?

மெக்கானிக்: எனக்கு... ஏறிடுச்சு.

டெய்லர்: ஏறிடுச்சா?

மெக்கானிக்: கொஞ்சம்தான்.

டெய்லர்: ...எவ்வளவு?

மெக்கானிக்: அதை விடுங்க சகலை. எல்லாருக்கும் நிஜ மருந்து கொடுக்க முடியுமா? யாராவது ரெண்டு பேர் உப்புத் தண்ணியும் குடிக்கத்தானே வேணும்.

டெய்லர்: குடிக்கிறதா? வயித்துல குத்திக்கிறது.

மெக்கானிக்: குத்தினது நீங்க. எனக்கும் சேர்த்து.

டெய்லர்: ...ஆமா. நான்தான் குத்தினேன்.

மெக்கானிக்: என்ன, மூஞ்சி மாறிடுச்சு? தண்ணி வேணுமா?

டெய்லர்: ஒண்ணும் வேண்டாம். அந்த மருந்து என்ன பண்ணும்னு இன்னொரு தடவை சொல்லு.

மெக்கானிக்: மறுபடியுமா? நீங்கதானே எனக்கு விளக்கினீங்க. சிஸ்டர் படம் போட்டுக் காட்டினப்போ எனக்கு ஒரு மண்ணும் புரியல. நீங்கதான் தையக்கடை பாஷையில சொல்லிப் புரிய வச்சீங்க.

டெய்லர்: சொல்லுய்யா. உன் வாயால கேக்கணும்.

மெக்கானிக்: கடையில அளவு நோட்டு இருக்கும். மாஸ்டர் நோட்டைப் பார்த்து ஒரு சீட்டுல அளவை எழுதி, உள்ள மிஷின்காரனுக்கு அனுப்புவார். மிஷின்காரன் நோட்டைப் பார்க்கிறதே இல்ல. சீட்டுல என்ன இருக்கோ அதைத் தைப்பான்.

டெய்லர்: ம்.

மெக்கானிக்: நம்ம புரோஸ்டேட்டுல கெட்டுப்போன செல்லு இருக்கே, அது ஒரு கிறுக்குப் பிடிச்ச கடை. ஆண் ஹார்மோனை இழுத்துப் பிடிக்கிற கொக்கி ஒண்ணு இருக்காம். அதைத் தை, தைன்னு சீட்டு போய்க்கிட்டே இருக்கும். கொக்கி பெருகப் பெருக நோய் பெருகும்.

டெய்லர்: மருந்து?

மெக்கானிக்: மருந்து நடு வழியில நிக்கும். சீட்டு வந்தா பிடிச்சுக் கிழிச்சிடும். நோட்டு அப்படியே இருக்கும், எழுத்து அப்படியே இருக்கும். ஆனா மிஷின் சும்மா கிடக்கும். ஜீனோட வாயை அடைக்கிறதுன்னு சிஸ்டர் சொன்னாங்க.

டெய்லர்: வாயை அடைக்கிற மருந்துன்னு நான் வீட்டுல போய்ச் சொன்னப்போ என் பொண்டாட்டி என்ன சொன்னா தெரியுமா? அது முதல்ல உங்க சகலைக்குப் போடணும்னா.

மெக்கானிக்: சொல்லுவாங்க, சொல்லுவாங்க. முப்பது வருஷமா அவங்களுக்கு என் மேல அப்படி ஒரு பாசம்.

டெய்லர்: நீ பேசியே ஆளைக் கவுத்துடுவியே. அன்னைக்குப் படியில வச்சு உன்கிட்ட சொன்னேனே... ஒண்ணுக்குப் போறது நின்னு நின்னு வருது, ரத்தம் மாதிரி தெரியுதுன்னு. நீ என்ன சொன்ன?

மெக்கானிக்: சகலை, வேண்டாம்...

டெய்லர்: வயசானா எல்லாக் குழாயும் சொட்டத்தான் செய்யும், இதுக்குப் போய் டாக்டரான்னு சிரிச்ச. நானும் சிரிச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சோம்.

மெக்கானிக்: அதைச் சொல்லிக் காட்டாதீங்க.

டெய்லர்: சொல்லிக் காட்டலய்யா. சும்மா ஞாபகம் வந்துச்சு. ரெண்டு வருஷம் சிரிச்சுட்டே இருந்துட்டேன்... முதுகெலும்பு வரைக்கும் வந்துடுச்சு.

மெக்கானிக்: சிஸ்டர் வர்றாங்க. ஈரம். ஞாபகம் வச்சுக்கங்க.

நர்ஸ்: பேஷண்ட் நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு... ரெண்டு பேரும் வந்துட்டீங்களா? உட்காருங்க, எந்திரிக்க வேண்டாம். நீங்க திருப்பிக் கொடுத்த காலி பாட்டிலைப் பத்திக் கொஞ்சம்...

டெய்லர்: ஈரம் சிஸ்டர்.

மெக்கானிக்: ஃப்ரிட்ஜ் பழசு சிஸ்டர்.

நர்ஸ்: நான் இன்னும் எதுவும் கேக்கவே இல்லையே.

மெக்கானிக்: இல்ல... போன்ல ஸ்டிக்கர்னு சொன்னீங்க, அதான்.

நர்ஸ்: ஒருத்தருக்கு அஞ்சு பாட்டில். மொத்தம் பத்து. பத்துலயும் ஸ்டிக்கர் ஓரம் கிழிஞ்சிருக்கு. அடியில கம்பெனி பசை இல்ல, வேற பசை. ஈரம் கழட்டும் ஐயா, ஒத்துக்கிறேன். திரும்ப யார் ஒட்டினா?

டெய்லர்: விழுந்ததை எடுத்து ஒட்டினோம். எதுக்கு எதுன்னு மாறிப் போயிருக்கலாம். வயசாச்சு, கண்ணு தெரியல...

நர்ஸ்: நீங்க ஊசியில நூல் கோக்கிறதைப் பார்த்திருக்கேன். கண்ணாடி இல்லாம, ஒரே தடவையில. வார்டுல என் கோட்டுப் பொத்தானைத் தச்சுக் கொடுத்தீங்களே.

டெய்லர்: ...அது கைப் பழக்கம்.

நர்ஸ்: இங்க பாருங்க. இது விளையாட்டு இல்ல. விதி மீறினது தெரிஞ்சதும் டாக்டர் சீல் வச்ச பட்டியலை உடைக்கச் சொல்லிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்துல யாருக்கு எது வந்துச்சுன்னு தெரிஞ்சிடும். அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டா நல்லது.

மெக்கானிக்: சொன்னா என்ன பண்ணுவாங்க?

நர்ஸ்: ரெண்டு பேரையும் சோதனையிலேர்ந்து எடுத்துடுவாங்க. சொல்லாட்டியும் எடுத்துடுவாங்க.

மெக்கானிக்: மருந்து?

நர்ஸ்: நிறுத்திடுவாங்க. அது கடையில கிடைக்கிற மருந்து இல்ல ஐயா.

டெய்லர்: சிஸ்டர்... எங்க நம்பர் என்ன? இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது, சொல்லிடுங்க.

நர்ஸ்: சொல்லலாம், இப்போ தடையில்ல... ஐயா, உங்களுது சேர்றப்போ முப்பத்தெட்டு. இப்போ நூத்திப் பன்னெண்டு.

மெக்கானிக்: நூத்திப் பன்னெண்டா? குறைஞ்சிருக்குன்னீங்க!

டெய்லர்: இவனுக்கு?

நர்ஸ்: இவருக்கு நாப்பதுல இருந்துச்சு. இப்போ மூணு.

டெய்லர்: மூணு.

நர்ஸ்: மூணு. நான் போய்ப் பட்டியலை வாங்கிட்டு வர்றேன். ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க.

டெய்லர்: ...ஏறிடுச்சுன்னு சொன்ன.

மெக்கானிக்: நீங்க குறைஞ்சுடுச்சுன்னு சொன்னீங்க.

டெய்லர்: மூணு! அடப்பாவி, மூணு...

மெக்கானிக்: எனக்கே புரியல சகலை. சத்தியமா புரியல. எனக்கு ஏறியிருக்கணும். எப்படிக் குறைஞ்சுதுன்னு ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிறேன்.

டெய்லர்: எனக்குப் புரிஞ்சுடுச்சு.

மெக்கானிக்: என்ன?

டெய்லர்: என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன். அதான் புரிஞ்சுது.

மெக்கானிக்: விளங்குற மாதிரி சொல்லுங்க.

டெய்லர்: என் பாட்டில்லதான் நிஜ மருந்து இருந்திருக்கு. என்னுதுல! நான் அதைத் தூக்கி உன்கிட்ட கொடுத்துட்டு, உன் உப்புத் தண்ணியைத் திருடிக்கிட்டேன்.

மெக்கானிக்: திருடிக்கிட்டீங்களா...?

டெய்லர்: கத்தாத. நான்தான்யா மாத்தினேன். ஸ்டிக்கரை நான்தான் பிரிச்சேன்.

மெக்கானிக்: நீங்களா?

டெய்லர்: முதல் ஊசி இங்க வார்டுல போட்டாங்களே, அன்னைக்கு உனக்கு ஜுரம் வந்துச்சு. கட்டில் ஆடுற மாதிரி நடுங்கின. நான் எந்திரிச்சு வந்து என் கம்பளியையும் சேர்த்துப் போத்தி விட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார், நிஜ மருந்துக்குத்தான் முதல் தடவை ஜுரம் வரும்னு. எனக்கு ஒரு தும்மல்கூட இல்ல. உனக்குப் போத்திவிட்டுக்கிட்டே... உன் மேல அவ்வளவு பொறாமை. என்னமா நடுங்குறான், கொடுத்து வச்சவன்னு.

மெக்கானிக்: சகலை...

டெய்லர்: குறுக்க பேசாத, விட்டா சொல்ல மாட்டேன். சாகறதுக்குப் பயமா இருந்துச்சுய்யா. வேற காரணம் ஒண்ணும் கிடையாது. பிள்ளைக்காக, பொண்டாட்டிக்காகன்னு பொய் சொல்ல மாட்டேன். பயம். அவ்வளவுதான்.

மெக்கானிக்: எப்போ மாத்தினீங்க?

டெய்லர்: டப்பாவை வாங்கிட்டு வீட்டுக்கு வந்தோமே, மறுநாள். நீ ஏதோ கட்டடத்துல லிஃப்ட் மாட்டிக்கிச்சுன்னு போயிட்ட. உன் பொண்டாட்டி மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தா.

மெக்கானிக்: மறுநாள்னா... செவ்வாய்க்கிழமை.

டெய்லர்: செவ்வாய்க்கிழமை காலையில. ஆவி காட்டிப் பிரிக்கணும்னு இஸ்திரிப் பெட்டியெல்லாம் சூடு பண்ணி வச்சுட்டு வந்தேன். அதுக்கு வேலையே வரல. நகம் பட்டதும் வந்துடுச்சு. பத்தும் அப்படித்தான். நாப்பது ஐம்பது வருஷம் துணிக்கு லேபிள் தச்சவன், கம்பெனிக்காரன் இவ்வளவு மட்டமாவா ஒட்டுவான்னு நினைச்சுக்கிட்டேன்.

மெக்கானிக்: பத்தும்...?

டெய்லர்: பத்தும். உன்னுது அஞ்சும் எனக்கு, என்னுது அஞ்சும் உனக்கு. காரியம் சுலபமா முடிஞ்சா மனசாட்சி உறுத்தாது பாரு. கடவுளே கழட்டிக் கொடுத்த மாதிரி இருந்துச்சு.

மெக்கானிக்: ஐயோ சகலை...

டெய்லர்: உன் வயித்துல அஞ்சு தடவை குத்தினேன். உப்புத் தண்ணின்னு நினைச்சுக் குத்தினேன். கை நடுங்கல. நீ என்னைப் பார்த்து, உங்க கை பஞ்சு மாதிரி சகலை, வலியே தெரியலன்னு சொன்ன. அதைத்தான்யா தாங்க முடியல.

மெக்கானிக்: போதும். விடுங்க.

டெய்லர்: பத்து வாரமா திருடனுக்குத் தேள் கொட்டின கதை. திருடின மருந்து ஏன் கேக்கலன்னு யார்கிட்ட போய்க் கேப்பேன்? இப்போ பார், என்னுதையே உன்கிட்ட கொடுத்திருக்கேன். செருப்பால அடி என்னை. அடிய்யா.

மெக்கானிக்: ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. சிஸ்டர் வந்ததும் நீங்க வாயைத் திறக்காதீங்க. நான்தான் மாத்தினேன்னு சொல்லிடுறேன்.

டெய்லர்: நீ எதுக்கு?

மெக்கானிக்: சொல்லிடுறேன். விஷயம் அதோட முடிஞ்சுடும். மேல எதையும் தோண்ட வேண்டாம்.

டெய்லர்: திருடினவன் நான், பழி உனக்கா? பைத்தியமா உனக்கு?

மெக்கானிக்: சகலை, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். தோண்ட வேண்டாம்.

டெய்லர்: எனக்காக நீ ஏன் இவ்வளவு... உன்னைக் கொல்லப் பார்த்தவன்யா நான்.

மெக்கானிக்: படியில வச்சு நீங்க சொன்னீங்களே... அதுக்கு அடுத்த வாரமே நான் போய் டெஸ்ட் எடுத்துக்கிட்டேன்.

டெய்லர்: என்ன?

மெக்கானிக்: நீங்க சொன்னதெல்லாம் எனக்கும் இருந்துச்சு. உங்ககிட்ட சிரிச்சு அனுப்பிட்டு, மேல போய்ப் பயந்து நடுங்கி, யாருக்கும் தெரியாம போய்க் காட்டிட்டேன். எனக்கு எலும்பைத் தொடுறதுக்கு முன்னாடி பிடிச்சுட்டாங்க. ரெண்டு வருஷம் உங்ககிட்ட சொல்லல.

டெய்லர்: ஏன்?

மெக்கானிக்: வெட்கம். ஆம்பிளை வெட்கம். இதைப் போய் எப்படிச் சொல்றதுன்னு. ஒரு வார்த்தை... நீங்களும் போய்க் காட்டுங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு இந்த நாற்காலி உங்களுக்கு வேண்டியிருக்காது. திருடன் நீங்க மட்டும் இல்ல சகலை.

டெய்லர்: ...ரெண்டு வருஷமா?

மெக்கானிக்: அதனாலதான் சொல்றேன். பழி என் பேர்ல இருக்கட்டும். இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

நர்ஸ்: பட்டியல் வந்துடுச்சு ஐயா.

மெக்கானிக்: சிஸ்டர், நான்தான் மாத்தினேன். எழுதிக்கங்க. எங்க கையெழுத்துப் போடணும்?

டெய்லர்: இல்ல சிஸ்டர்! இவன் பொய் சொல்றான். மாத்தினது நான். இவன் பாட்டில் ஸ்டிக்கரை என்னுதுல ஒட்டி, என்னுதை இவன்துல ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்றேன்.

மெக்கானிக்: சகலை, சொன்னேன்ல...

டெய்லர்: நீ சும்மா இரு. ஒரு தடவையாவது நேர்மையா இருந்துட்டுப் போறேன். சிஸ்டர், நிஜ மருந்து எனக்குத்தானே வந்திருந்துச்சு? நாப்பத்திரெண்டுக்கு? அதைச் சொல்லுங்க, என் தண்டனை எனக்கு முழுசா தெரியட்டும்.

நர்ஸ்: இல்லையே ஐயா.

டெய்லர்: இல்லையா?

நர்ஸ்: நிஜ மருந்து நாப்பத்தொண்ணுக்கு. இவருக்கு. உங்க டப்பாவுல வந்தது உப்புத் தண்ணிதான்.

டெய்லர்: அப்போ... நான் எடுத்தது நிஜ மருந்தா? அஞ்சு ஊசி போட்டும் எனக்குக் கேக்கலையா?

நர்ஸ்: அதுவும் இல்ல. போன தடவை எடுத்த ரத்தத்துல மருந்து இருக்கான்னு பார்த்திருக்காங்க. உங்க ரத்தத்துல ஒரு துளி இல்ல. இவர் ரத்தத்துல இருக்கு. அஞ்சும் இவருக்குத்தான் போயிருக்கு.

டெய்லர்: அது எப்படி? நான் மாத்தினேனே!

நர்ஸ்: அதான் எனக்கும் இடிக்குது. ஒரு தடவை மாத்தினா இவர் மருந்து உங்களுக்கு வந்திருக்கணும். வந்திருந்தா... சரி, அதை இப்போ பேசி என்ன. திரும்ப இவர்கிட்டயே போயிருக்குன்னா ரெண்டு தடவை மாத்தியிருக்கணும்.

டெய்லர்: நான் ஒரு தடவைதான் மாத்தினேன் சிஸ்டர்.

நர்ஸ்: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஸ்டிக்கருக்கு அடியில ரெண்டு விதப் பசை இருக்கு. ஒண்ணு துணிக்கு ஒட்டுற பசை.

டெய்லர்: அது என்னுது.

நர்ஸ்: இன்னொண்ணு கனமா, மஞ்சளா இருக்கு. பலகை ஒட்டுற பசை மாதிரி.

டெய்லர்: அது என்கிட்ட கிடையாது. பலகைக்கு ஒட்டுற பசை எனக்கு எதுக்கு? அது இவன் பையிலதான்... லிஃப்ட்ல 'வேலை செய்யவில்லை'ன்னு பலகை ஒட்டுறதுக்கு...

நர்ஸ்: ஐயா?

டெய்லர்: ஏய்... என்னைப் பாரு. தலையை நிமித்துய்யா. நான் மாத்துறதுக்கு முன்னாடி என் பாட்டில்ல என்ன இருந்துச்சு?

மெக்கானிக்: எனக்கு ஜுரம் வந்தப்போவே முடிவு பண்ணிட்டேன் சகலை, இதை உங்களுக்குத்தான் கொடுக்கணும்னு... திங்கக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பத்தையும் மாத்தி ஒட்டினேன். நகம் பட்டதும் வந்துடுச்சுன்னு சொன்னீங்களே... அந்தப் பசை காய ரெண்டு நாள் ஆகும்.